ரசீதைப் படிக்கும் பாட்: முதல் ஏஐ நிரலை வீட்டிலேயே கட்டும் முறை

கோலாலம்பூரில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு நாலைந்து வகைக் காகிதத்தில் சிதறிக் கிடக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடை, செந்தூல் கோழிக்கடை, பேரங்காடி, மருந்துக்கடை, பசியாறிய உணவகம் என ஒவ்வொன்றின் ரசீதும் ஒவ்வொரு தினுசு. ஒன்று மலாயில் இருக்கும், ஒன்று ஆங்கிலத்தில், சிலவற்றில் பொருளின் பெயர் மட்டும் தமிழில். இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து டெலிகிராமில் அனுப்பினால் கடை, தேதி, பொருள்கள், மொத்தம் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துச் சேமிக்கும் பாட் (தானாகப் பதில் தரும் நிரல்) ஒன்றை இங்கே கட்டப்போகிறோம். பைதானில் ஒரு லூப்பும் ஒரு ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தவருக்கு நாலைந்து வார இறுதி போதும்.

முதல் ஏஐ முயற்சிக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. மாடல், அதாவது படத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ, சொன்ன விடை சரியா தவறா என்பதை ரசீதே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கட்டுரையைச் சுருக்கச் சொன்னால் சுருக்கம் சரிதானா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ரசீதில் கூட்டல் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் எங்கோ பிழை. அந்தக் கூட்டலை மாடலிடம் விடாதீர்கள். படத்திலிருப்பதைப் பார்த்து எழுதுவது மாடலின் வேலை. கூட்டுவதும் ஒப்பிடுவதும் ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பதும் நீங்கள் எழுதும் சாதாரண நிரலின் வேலை. புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த எல்லையில்தான்.

முதலில் 30 ரசீது, கையால்

ஏஐ கருவி எதையும் நிறுவும் முன் 30 ரசீது சேருங்கள். ஒரே கடையின் 30 ரசீது உதவாது. குறைந்தது ஆறேழு கடை வேண்டும். அதில் கசங்கியது இரண்டு, முழ நீளத்தில் இரண்டு, மங்கியது ஒன்றாவது இருக்கட்டும். ரசீதுத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. அதனால் வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியருகே கிடந்தால் தாள் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே படமெடுத்துவிடுங்கள். வருமான வரிக் கழிவுக்குக் காட்டும் புத்தகம், கணினி ஆகியவற்றின் ரசீதை 7 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்பதால், இந்தப் படங்கள் அங்கேயும் கைகொடுக்கும்.

படமெடுக்கக் கருநிற மேசை நல்லது. நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நீள ரசீதை இரண்டு படமாக எடுத்தால் நடுவில் இரண்டிலும் வரும் வரிகளை மாடல் இரண்டு முறை எழுதிவிடும். முதல் சுற்றில் ஒரே படத்தில் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 30 ரசீதுக்கும் விடையை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒரு ரசீதுக்கு ஒரு ஜேசன் கோப்பு (பெயரும் மதிப்பும் இணை இணையாக இருக்கும் எழுத்துக் கோப்பு). அதில் கடை, அச்சிட்டபடியே தேதி, பொருள் வரிகள், தள்ளுபடி, அரசு வரி, சேவைக் கட்டணம், ரவுண்டிங் (மொத்தத்தைச் சீராக்கக் கூட்டிய அல்லது குறைத்த காசு), மொத்தம், கொடுத்த பணம், திரும்பி வந்த பணம் ஆகியவை இருக்க வேண்டும். அலுப்புத் தட்டும் வேலைதான், ஒரு பிற்பகல் முழுக்கப் போகும். இதைச் செய்யாதவர் பிறகு எந்த மாடல் நன்றாகப் படிக்கிறது என்று கேட்டால் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். 30இல் 10ஐத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடுங்கள். பிராம்ப்டை, அதாவது மாடலுக்கு எழுதும் கட்டளையை, திருத்திக்கொண்டிருக்கும் நாள்களில் அந்தப் பத்தைத் தொடக்கூடாது.

மாடலுக்கு முன்பே சோதனை நிரல்

இந்தப் பகுதியில் ஏஐ இல்லை. கையால் தட்டச்சு செய்த விடைகளை வைத்தே சரிபார்க்கும் நிரலை எழுதி முடிக்கிறோம். உங்கள் தட்டச்சுப் பிழைகளும் இதிலேயே சிக்கும்.

பணத்தை 39.15 என்று தசமமாகச் சேமிக்காதீர்கள். கணினி தசமத்தை இரும எண்ணாக வைத்துக்கொள்வதால், பைதானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எல்லாவற்றையும் காசாக்கி முழு எண்ணாக வையுங்கள்: 3915.

மலேசிய ரசீதில் வெளியூர் எடுத்துக்காட்டு நிரல்கள் எல்லாம் தவறிவிடும் இடம் ரவுண்டிங். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 காசுக்குச் சீராக்கப்படுகிறது. 1, 2 காசில் முடிந்தால் கீழே இறங்கி 0. 3, 4 ஆனால் 5. 6, 7 ஆனால் அதுவும் 5. 8, 9 ஆனால் மேலே 10. ஒவ்வொரு பொருளின் விலையும் அப்படியே இருக்கும், மொத்தம் மட்டும்தான் மாறும். முழு எண்ணில் இதற்கு ஒரே வரி போதும்: காசுத் தொகையுடன் 2ஐக் கூட்டி, 5ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, திரும்ப 5ஆல் பெருக்குங்கள். பைதானின் ரவுண்ட் ஃபங்ஷனை இங்கே நம்ப வேண்டாம். அது 2.5ஐ 2 என்றும் 3.5ஐ 4 என்றும் சீராக்கும்.

ஒரு ரசீதை அருகில் வைத்துப் பார்ப்போம். பொன்னி அரிசி 24.90. துவரம் பருப்பு 8.50. சின்ன வெங்காயம் 0.345 கிலோ, கிலோ 12.90 வீதம், 4.45. கொத்தமல்லி 0.080 கிலோ, கிலோ 16.00 வீதம், 1.28. கூட்டினால் 39.13. ரவுண்டிங் 0.02 சேர்ந்து மொத்தம் 39.15. கொடுத்தது 50.00, திரும்பி வந்தது 10.85. வெங்காயத்தைப் பெருக்கினால் உண்மையில் 4.4505 வரும். எனவே நிறுத்து விற்கும் பொருளின் வரியில் 1 காசு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும்படி நிரலை எழுதுங்கள். எண்ணி விற்கும் பொருளில் அந்தச் சலுகை வேண்டாம்.

இந்த ஒரே ரசீதில் ஐந்து சோதனை கிடைக்கிறது. அளவையும் விலையையும் பெருக்கினால் வரியின் தொகை வரவேண்டும். பொருள் வரிகளைக் கூட்டித் தள்ளுபடியைக் கழித்து, அரசு வரியும் சேவைக் கட்டணமும் ரவுண்டிங்கும் சேர்த்தால் மொத்தம் வரவேண்டும். கொடுத்த பணத்திலிருந்து திரும்பியதைக் கழித்தாலும் அதே மொத்தம் வரவேண்டும். பொருள்களின் எண்ணிக்கை ரசீதின் அடியில் அச்சாகியிருந்தால் அது வரிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். தேதி படமெடுத்த நாளுக்குப் பிந்தியதாகவோ அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் முந்தியதாகவோ இருக்கக்கூடாது. மூன்றாவது சோதனை மிகவும் பயனுள்ளது, ஆனால் அட்டையிலோ கியூஆரிலோ கட்டிய ரசீதில் அது கிடைக்காது. அங்கே ரவுண்டிங் வரியும் இல்லாமல் போகலாம். இல்லாததைப் பிழை என்று நிரல் சொல்லக்கூடாது.

உணவக ரசீதில் சேவைக் கட்டணமும் சேவை வரியும் வேறு வேறு. 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடை வைத்துக்கொள்வது. சேவை வரி அரசுக்குப் போவது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடு ஆனாலும் உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே நிற்கிறது. சின்னக் கடைகளின் ரசீதில் அரசு வரிக்கான வரியே இருக்காது. தேதிச் சோதனையைத் தளர்த்திப் பழைய ரசீதுகளைச் சேர்த்தால் 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரையுள்ளவற்றில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வரும். விழுக்காட்டை நிரலுக்குள் எழுதிப் பூட்டிவிடாமல், ரசீதில் அச்சான தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடலைத் தேர்ந்தெடுத்தல்

மாடலை மடிக்கணினியிலேயே ஓட்ட ஓலாமா என்ற மென்பொருள் எளிது. நிறுவியபின் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஒரே கட்டளையில் மாடல் இறங்கும், பிறகு உங்கள் கணினியின் 11434 என்ற போர்ட்டில் (நிரல்கள் அதோடு பேசும் வாயிலில்) காத்திருக்கும். படம் பார்க்கத் தெரிந்த மாடல் வேண்டும். எழுத்து மட்டும் அறிந்த மாடலிடம் படத்தைக் கொடுத்துவிட்டு ஏன் கற்பனை செய்கிறது என்று தேடிக்கொண்டிருப்பது வழக்கமான முதல் தவறு. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஜெம்மா 3 என்ற மாடலின் 4பி அளவு ஓடும், இறக்கம் 3.3 ஜிபி அளவில் இருக்கும். 16 ஜிபி இருந்தால் குவென் 2.5 விஎல் 7பி என்ற பெரிய மாடலை முயலலாம், அது ஏறத்தாழ 6 ஜிபி. கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் ஒரு ரசீதுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். வீட்டுக் கணக்குக்கு அதனால் நட்டமில்லை.

கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் இணைய மாடல்கள் கசங்கிய தாளையும் தமிழ்ப் பொருட்பெயரையும் பொதுவாக நன்றாகப் படிக்கும். ஆனால் ரசீது உங்கள் வீட்டைவிட்டு வெளியே போகிறது. அதில் உறுப்பினர் எண், கைப்பேசி எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இருக்கலாம். அனுப்புமுன் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். கணக்கில் மாதச் செலவு வரம்பையும் வைத்துவிடுங்கள். ஒரு லூப் பிழையில் ஒரே படத்தை இரவெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல் அரிதான ஒன்றல்ல.

மாடலிடம் கேட்கும் முறை

ஓலாமாவில் விடையின் வடிவத்தை ஜேசன் ஸ்கீமாவாகவே (எந்தப் புலத்தில், அதாவது எந்தத் தலைப்பின் கீழ், என்ன வரவேண்டும் என்ற பட்டியலாகவே) கொடுக்கலாம். அதை மீறி மாடலால் எழுத முடியாது. டெம்பரேச்சரை, அதாவது விடை ஒவ்வொரு முறையும் மாறும் அளவை, 0 ஆக்குங்கள். ஸ்கீமாவில் எல்லாப் புலங்களையும் கட்டாயமாக்கினால், தாளில் இல்லாததையும் மாடல் இட்டுக்கட்டி நிரப்பும். தேதி கிழிந்துபோன ரசீதுக்கு ஓர் அழகான தேதி வந்து நிற்கும். எனவே ஒவ்வொரு புலத்திலும் வெறுமை மதிப்பை அனுமதித்து, படத்தில் தெரியாததை வெறுமையாக விடு என்று பிராம்ப்டிலும் எழுதுங்கள்.

மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், பார்த்து எழுதச் சொல்லுங்கள். 03/04/2025 என்பது இங்கே ஏப்ரல் 3. மாடலிடம் சீரான வடிவில் தேதி கொடு என்று கேட்டால் சில நேரம் மார்ச் 4 என்று புரட்டிவிடும், அது புரட்டியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அச்சிட்டபடியே எழுத்தாக வாங்கி, நாள் முதலில் என்ற விதியோடு பைதானில் மாற்றுங்கள். தொகைகளுக்கும் இதே முறைதான்.

மலாய்ச் சொற்களுக்குப் பிராம்ப்டில் ஒரு சின்ன அகராதி வையுங்கள். தாரிக் என்றால் தேதி. ஜும்லா என்றால் மொத்தம். துனாய் என்றால் ரொக்கம். டிஸ்காவுன் என்றால் தள்ளுபடி. பாக்கிதான் தமிழருக்குக் கண்ணி. நம் பேச்சில் பாக்கி என்றால் இன்னும் கொடுக்க வேண்டிய கடன். மலாய் ரசீதில் பாக்கி என்பது கடைக்காரர் திருப்பிக் கொடுத்த மீதிப்பணம். பிராம்ப்டையும் புலப்பெயர்களையும் தமிழில் எழுதும்போது பாக்கி என்று விட்டால் 10.85 கடன் கணக்கில் போய் உட்காரும். புலத்துக்கு ‘திரும்பியது’ என்று பெயர் வைத்து, மலாயில் பாக்கி என அச்சானது இங்கே வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சின்ன மாடல்கள் துனாய் வரியின் 50.00ஐ மொத்தம் என்று எழுதுவதும் உண்டு. தாளில் பெரிய எண் அதுதான். மூன்றாவது சோதனை அதை உடனே பிடித்துவிடும்.

மொத்தம் பொருந்த வேண்டும் என்று மட்டும் மாடலிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பொருத்திக்காட்டுவதற்காக ஏதாவது ஒரு வரியின் எண்ணை மாற்றிவிடக்கூடும். சோதனையில் தவறியபின் மறுபடி சரியாகக் கூட்டு என்று திருப்பி அனுப்பினாலும் அதே ஆபத்து. பொருந்தாவிட்டால் ஆளிடம் காட்டுங்கள்: வரிகளின் கூட்டல் 38.13, ரசீதில் 39.15, எந்த வரி தவறு?

நீள ரசீதில் விடை பாதியில் நின்று ஜேசன் உடைந்து வந்தால் படத்தைக் குறை சொல்லுமுன் ஓலாமாவின் சூழல் நீளத்தை, அதாவது மாடல் ஒரே நேரத்தில் கையாளும் டோக்கன்களின் (எழுத்துத் துண்டுகளின்) எண்ணிக்கையை, பாருங்கள். இயல்பாக வைத்திருக்கும் அளவு சிறியது, கோரிக்கையிலேயே 8192க்குக் கூட்டலாம். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் தின்னும் என்பதால் தமிழ்ப் பிராம்ப்டுக்கு இடம் கூடுதலாகவே வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. கொத்தமல்லியின் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொல். மாத முடிவில் கொத்தமல்லி இரண்டு வரியாக வந்து நிற்கும். சேமிக்குமுன் எல்லாப் பெயரையும் பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியால் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிவிடுங்கள். கணக்கை எக்செலில் திறக்கச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பு எழுதும்போது யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகும்.

டெலிகிராமோடு இணைத்தல்

டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற அதன் சொந்த பாட்டைத் தேடிப் புதிய பாட் கேட்டால் ஒரு டோக்கன் (மேலே சொன்ன எழுத்துத் துண்டு அல்ல, ரகசியக் குறியீடு) தரும். அது வீட்டுச் சாவி. நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேர்க்காதபடி இக்னோர் பட்டியலில் போடுங்கள். தவறிக் கிட்ஹப் தளத்துக்குப் போய்விட்டால் அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) அழித்துப் பயனில்லை, பழைய வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். பாட்ஃபாதரிடமே பழைய டோக்கனை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.

செய்திகளை வாங்க இரண்டு வழி உண்டு. வெப்ஹூக்கில் டெலிகிராமே உங்கள் கணினிக்குச் செய்தியை அனுப்பும், அதற்குப் பொது முகவரி வேண்டும். லாங் போலிங்கில் உங்கள் நிரலே டெலிகிராமைக் கேட்டுக்கொண்டிருக்கும், அதற்குப் பொது முகவரி வேண்டாம், வீட்டு வைஃபையிலிருந்தே ஓடும். இதையே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்காத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரைதான் வைத்திருக்கும். இரண்டு நாள் மடிக்கணினியை மூடிவைத்தால் இடையில் அனுப்பியவை போய்விடும். 409 என்ற பிழை வந்தால் அதே பாட் இன்னொரு டெர்மினலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

படத்தைப் படமாக அனுப்பினால் டெலிகிராம் சுருக்கிவிடும், முழ நீள ரசீதின் எண்கள் கரைந்துபோகும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பாட் 20 எம்பி வரையுள்ள கோப்பை இறக்கிக்கொள்ளும். கோப்பாக வரும்போது இரண்டு கவனம் வேண்டும். ஐஃபோன் படம் ஹெய்க் வடிவில் வரலாம், பில்லோ என்ற பைதான் பட நூலகம் கூடுதல் செருகி இல்லாமல் அதைத் திறக்காது. படத்தின் திசை, கோப்போடு ஒட்டி வரும் எக்ஸிஃப் குறிப்பில் மட்டும் இருப்பதால் மாடலுக்குப் பக்கவாட்டில் சாய்ந்த ரசீது போகும். பில்லோவின் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸை முதலில் ஓட்டிவிடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். டெலிகிராம் தரும் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). மலேசியா அதைவிட 8 மணி நேரம் முந்தியது. காலை ஏழரைக்குப் பசியாறிவிட்டு அனுப்பும் ரசீது, மாற்றாமல் விட்டால் முதல் நாள் கணக்கில் விழும். மாத முதல் தேதியில் அது முந்தைய மாதத்துக்கே போய்விடும். நேர மண்டலத்தை ஆசியா/கோலாலம்பூர் என்று குறிப்பிடுங்கள். விண்டோஸில் அதற்கு டிஇசட்டேட்டா தொகுதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

சேமிக்க எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். ரசீதுக்கு ஓர் அட்டவணை, பொருள் வரிகளுக்கு ஓர் அட்டவணை. மாடல் கொடுத்த மூல விடையையும் மாடலின் பெயரையும் கூடவே வையுங்கள். ஒரே ரசீதை வீட்டில் இருவர் அனுப்புவார்கள். படங்கள் வேறு என்பதால் கோப்பை ஒப்பிட்டுப் பயனில்லை. கடை, தேதி, நேரம், மொத்தம் நான்கும் ஒன்றானால் பாட் கேட்கட்டும்: “இதை நேற்றே பதிந்தாயிற்று, மறுபடி சேர்க்கவா?”

நிரலெழுத ஏஐ உதவியாளர்

நிரலின் பெரும்பகுதியை ஏஐ உதவியாளரிடமே எழுதி வாங்கலாம், அதில் தவறில்லை. முழு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு ஃபங்ஷன், அதற்கு மேலே சொன்ன 39.15 ரசீது போன்ற சோதனை, ஓட்டிப் பார்த்தல், கிட்டில் கமிட், பிறகு அடுத்தது. சோதனைக் கோப்புகளைத் தொடாதே என்று சொல்லிவையுங்கள். சொன்னபிறகும் ஒவ்வொரு மாற்றத்திலும் அவை திருத்தப்பட்டனவா என்று நீங்களே பாருங்கள். சோதனை தோற்றால் நிரலை விட்டுவிட்டுச் சோதனையைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு.

பைதான் டெலிகிராம் பாட் நூலகம் 20ஆம் பதிப்பில் அசிங்க் முறைக்கு (ஒன்று முடியக் காத்திருக்கும்போதே மற்றதைச் செய்யும் முறைக்கு) மாறியது. உதவியாளர் பழைய முறையையும் புதிய முறையையும் கலந்து எழுதிக் கொடுக்கும். எந்தப் பதிப்பு நிறுவியிருக்கிறது என்பதைக் கேள்வியிலேயே சொல்லுங்கள். அது சொல்லும் தொகுதியின் பெயரை நிறுவுமுன், பைதான் தொகுதிகள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் தேடிப் பாருங்கள். இல்லாத பெயர்களை அது இட்டுக்கட்டுவதும், அந்தப் பெயரிலேயே தீய தொகுதியை யாரோ ஏற்றி வைப்பதும் நடக்கின்றன.

ஓட்டம் விடும் முன்

பாட்டின் பெயர் தெரிந்த யாரும் அதற்குச் செய்தி அனுப்பலாம். குடும்பத்தாரின் டெலிகிராம் பயனர் எண்களை (கைப்பேசி எண் அல்ல) மட்டும் அனுமதித்து, மற்றவர்களுக்குப் பதிலே தராதபடி எழுதுங்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டுக்கு விலக்குத் தருகிறது. கடை வைத்திருக்கும் உறவினர் தன் வியாபாரத்துக்கும் கேட்டால் கதை வேறு. வாடிக்கையாளர் விவரம் வந்துவிடும், சட்டமும் வந்துவிடும். அப்போது கணினியைவிட்டு வெளியேறாத மாடலே ஏற்றது.

இப்போது ஒதுக்கி வைத்த 10 ரசீதை எடுத்து ஓட்டுங்கள். இரண்டு எண்ணிக்கை போதும். எத்தனை ரசீதில் எல்லாம் சரி? எத்தனையில் தவறாகப் படித்தும் சோதனைகளைத் தாண்டிச் சேமிக்கப்பட்டது? முதல் எண் 7 என்று வந்தாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், மீதி மூன்றையும் பாட் உங்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது எண் 1 ஆனாலும் நிறுத்துங்கள். அந்த ரசீதை அச்செடுத்து மாடலின் விடையோடு வரிவரியாக ஒப்பிட்டு, எந்தச் சோதனை இருந்திருந்தால் சிக்கியிருக்கும் என்று கண்டுபிடித்து, அதை எழுதிச் சேர்த்தபின் மறுபடி ஓட்டுங்கள். பிழை காட்டிய ரசீது இனி மற்ற 20 ரசீது உள்ள ஃபோல்டருக்குப் போகட்டும், அதன் இடத்தில் புதியது ஒன்றை வையுங்கள். மாடலை மாற்றினாலும், பிராம்ப்டில் ஒரு வரி திருத்தினாலும், நூலகத்தைப் புதுப்பித்தாலும் முப்பதையும் முதலிலிருந்து ஓட்டுங்கள்.